கொம்பில்லாத மானுக்கு ஒரு காணி

கொம்பில்லாத மான் ஒன்றைச் சுட்டுக்கொள்ளலாம் என்று கனடா அரசாங்கம் சீட்டிழுத்து அனுமதி கொடுத்தபோது தணிகாசலத்திடம் துவக்கு இருந்தது, பேக்கரியிலிருந்து பாண் ஏற்றும் வெள்ளை வான் இருந்தது, தகப்பனுக்குப் பின்னால் வன்னிக் காடுகளில் நடந்து பழகிய கால்கள் இருந்தன, சுடுவதற்குக் காணிதான் இருக்கவில்லை. பெண் மானுக்கு மட்டுமே செல்லுபடியாகும் அந்த அட்டையில் எந்தப் பகுதியில் சுடலாம் என்று போட்டிருந்தது. அந்தப் பகுதியோ ரொறன்ரோவைத் தாண்டி, கடைகள் முடிந்து, வீடுகள் முடிந்து, பெற்றோல் நிலையங்களும் முடிந்த பிறகு தொடங்குகிற சோளக் காணிகளும் புல்வெளிகளுமாக விரிந்து கிடந்தது, அதில் ஒரு சாண் நிலமாவது ஆளில்லாததாக இல்லை. காணிக்காரர் தன் வாயால் சரி என்று சொல்லாமல் வேலிக்குள் கால் வைக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே அந்த இலையுதிர்காலம் முழுவதும் அவர் விடியப்புறம் கடைகளுக்குப் பாண் இறக்கிவிட்டு, நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் கண் எரிய எரிய வானை ஓட்டிக்கொண்டு போய், முன்பின் தெரியாதவர்களின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

இடம் கேட்பதில் அவரைப்போலத் தேர்ந்தவர் அவர் குடியிருந்த கட்டடத்தில் எவருமில்லை. சண்டைக் காலத்தில் பள்ளிக்கூட வகுப்பறையில் ஒரு மூலை கேட்டிருக்கிறார், யாரோ ஒருவரின் தென்னந்தோப்பில் தறப்பாள் கட்ட ஒரு நிழல் கேட்டிருக்கிறார், கோயில் மடத்தில் கால் நீட்ட இடம் கேட்டிருக்கிறார், இந்த நாட்டுக்கு வந்த பிறகு நிலத்துக்குக் கீழே ஜன்னலில்லாத அறை கேட்டிருக்கிறார். கேட்கிறபோது வாசற்படியில் ஏறக்கூடாது, ஒரு படி கீழே நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், வீட்டை அண்ணாந்து பார்க்கக்கூடாது. குரலையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் குரல் நாளடைவில் அவருக்குச் சொந்தக் குரலாகவே ஆகிவிட்டிருந்தது, மனைவி நவமணியிடம் தேத்தண்ணி கேட்பதும் அந்தக் குரலில்தான்.

ஆனால் மான் வேட்டைக்கு அந்தக் குரல் எடுபடவில்லை. ஒருவர் தன் காணி மருமகனுக்கென்று வைத்திருப்பதாகச் சொன்னார். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டுப் பேசினார். ஒரு அம்மா மிகவும் மரியாதையாக மறுத்து, இவ்வளவு தூரம் வந்ததற்காக ஒரு பூசணிக்காயைக் கையில் கொடுத்தனுப்பினார். பெரும்பாலானவர்கள் திரைச்சீலையை ஒதுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்கள்.

அப்படியொரு மத்தியானம் வெறுங்கையோடு கட்டடத்துக்குத் திரும்பி, வானின் பின்கதவைத் திறந்தபோது, பாண் தட்டுகளுக்கு நடுவில் ஒரு மான் நின்றது. பெண் மான். கொம்பில்லை. முகவாயில் நரை விழுந்திருந்தது, கண்கள் நெடுநாள் பஸ் பயணம் செய்தவளின் கண்களாக இருந்தன. அது பதறாமல் இறங்கி, அவருக்குப் பின்னால் வாசலைக் கடந்து, லிப்ட் வருமட்டும் பொறுமையாக நின்றது. லிப்டுக்குள் உடுப்புக் கூடையோடு நின்ற பரமேஸ்வரி அக்கா, கூடையை இழுத்து இடம் விட்டுக்கொடுத்து, உங்களுடைய அட்டைக்கு வந்ததாக்கும் என்றார். ஓமாக்கும் என்று தலையாட்டினார் தணிகாசலம். ஒன்பதாம் மாடியில் கதவைத் திறந்த நவமணி மானின் முகத்தைப் பார்க்கவில்லை, குளம்பைத்தான் பார்த்தாள்.

"காலைத் துடைச்சுப்போட்டு வரச் சொல்லுங்கோ," என்றாள்.

நவமணி அட்டைப்பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். நாள் முழுக்க ஊராருக்குப் பெட்டி மடித்துவிட்டு வந்து, தன் கட்டிலுக்குக் கீழே கட்டியபடி கிடக்கும் ஒரு பழைய தகரப் பெட்டிக்கு மேல் படுத்து உறங்குவாள். அதற்குள் ஒரு இரும்புத் தாச்சி, இரண்டு கோப்பை, ஒரு அகப்பை, ஒரு துவாய், சீலையில் சுற்றிய மிளகாய்த்தூள் டப்பா. அதை அவள் இந்த நாட்டில் ஒரு நாளும் திறந்ததில்லை. அங்கே ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்தபோது, இனி இங்கேதான் என்று நம்பி எப்போதெல்லாம் அந்தப் பெட்டியை அவிழ்த்துத் தாச்சியை அடுப்பில் வைத்தாளோ, அப்போதெல்லாம் கறி கொதிக்குமுன் இடத்தை விட்டு எழும்பச் சொல்லி வந்திருக்கிறது. ஆகவே பெட்டி கட்டியபடி இருக்குமட்டும் தங்களை எவரும் எழுப்ப மாட்டார்கள் என்பது அவள் கண்டுபிடித்த உண்மை. ஒரு இரவு வெளியே தங்குவதென்றாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. முருகனும் பிள்ளையாரும் அலுமாரியில் சாய்ந்துதான் நின்றார்கள்.

மான் வந்த செய்தி மாடி மாடியாக இறங்கியது. அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லித் தணிகாசலத்தைத் தள்ளிவிட்டவர்களே அந்தக் கட்டடத்து ஆட்கள்தான், ஒவ்வொரு பிறந்தநாள் விருந்திலும் கோழியைக் கடித்துக்கொண்டே மான் இறைச்சியைப் பற்றிக் கதைத்துக் கதைத்து அவரை அலுக்கப் பண்ணியவர்கள். இப்போது சுடுமுன்னமே பங்கு பேசத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியரான சின்னராசா மாஸ்டர் ஈரலைச் சொல்லிவைத்தார். பரமேஸ்வரி அக்கா விலா எலும்பு. ஆறாம் மாடிக்காரர் முன்னங்கால் ஒன்று, அவருடைய மைத்துனர் மற்றது.

பேசி முடித்த பிறகு அவரவர் பங்கை அவரவர் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். மான் வீட்டுக்குள் படுக்கச் சம்மதிக்காமல் நடைபாதையில், கதவுக்கு வெளியே, கால்மிதிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. சனம் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தது. சிறுவர் யாரும் மொறுமொறுப்பு வகைகளைக் கொடுத்தால் ஈரல் கெட்டுவிடும் என்று சின்னராசா மாஸ்டர் கதிரை போட்டுக் காவலிருந்தார். முன்னங்கால்காரர்கள் வேலையால் வந்ததும் ஆளுக்கொரு காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டார்கள். பரமேஸ்வரி அக்கா தமிழ்க் கடையில் உறைய வைத்த முருங்கையிலை வாங்கி வந்து, இளக வைத்து, ஊட்டிவிட்டு, விலாவைத் தடவிப் பார்த்து, கொஞ்சம் தேறியிருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு போனார். பிறகு கந்தசட்டி விரதம் வந்தது, கட்டடத்தில் பாதிப் பேர் மச்ச மாமிசம் விலக்கினார்கள், அந்த நாட்களில் எவரும் பங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. பாறணை முடிந்த மறுநாளே திரும்பத் தொடங்கிவிட்டார்கள். இவ்வளவு கவனிப்பு தன் சீவியத்தில் தனக்குக் கிடைத்ததில்லை என்று நவமணி மானிடம் சொன்னாள்.

கட்டடத்தை மேற்பார்ப்பவர் மொறிஸ் என்கிற உயரமான ஜமைக்காக்காரர். அவர் ஒரு நாள் வந்து, தானே கொண்டுவந்த கரட்டை மானுக்குக் கொடுத்துவிட்டு, தணிகாசலத்தைத் தனியே கூப்பிட்டார். தனக்கு இதில் வருத்தமொன்றுமில்லை, ஆனால் கட்டடத்தின் சொந்தக்காரர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, தானே அவர்களைக் கண்டதில்லை, வேட்டைக் காலம் முடியுமுன் மான் போகாவிட்டால் வீட்டை விடச் சொல்லப் போகிறார்கள் என்றார். குரலில் அதட்டல் இல்லை, களைப்புத்தான் இருந்தது. தணிகாசலம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓம் ஓம் என்று கேட்டார்.

நவமணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லிப்போட்டன். இனி இன்னொருக்கா எழும்பச் சொன்னால் என்னால ஏலாது. பெட்டியைக் கொண்டுபோங்கோ, நான் இதிலயே கிடப்பன்."

தணிகாசலத்துக்கு அந்த மானைக் கொல்ல மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. அரசாங்கக் காடு ஒன்றின் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வானை ஓட்டிவந்தார். வந்து பார்த்தால் அது லிப்டுக்கு முன்னால் நின்றது, கால்களில் சேறு, முன்னையிலும் பார்க்கக் களைத்து. இன்னொரு காட்டிலும் விட்டுப் பார்த்தார். அதிலிருந்தும் வந்தது. நெடுஞ்சாலையைக் கடக்கையில் எதுவோ உரசியிருக்க வேண்டும், தொடையில் தோல் கிழிந்திருந்தது. நவமணி மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டே, இவளும் எங்களைப்போல, விட்ட இடத்தில் இருக்கத் தெரியாதவள் என்றாள். தணிகாசலம் அழுதுவிட்டார். அதன் பிறகு அவர் அதை எங்கேயும் விடவில்லை.

காணி கேட்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போனார். மான் பின்னால் நின்று, கழுத்தை நீட்டி, அவர் தோளுக்கு மேலால் தெருவைப் பார்த்துக்கொண்டு வரும். மான் ஏற்கெனவே இருக்கிறதே, பிறகென்னத்துக்குக் காணி என்று காணிக்காரர்கள் கேட்டார்கள். மான் இருக்கிறது, சுடுவதற்குத்தான் இடமில்லை, ஊருக்குள் வெடி வைக்கக்கூடாது என்று இவர் விளக்கினார். அவர்களும் தலையாட்டி, தங்களுக்குக் காணி இருக்கிறது, வருடக்கணக்காக ஒரு மானைக் கண்ணால் காணவில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். ஆனாலும் கதவை மூடினார்கள். அவர் வானுக்குத் திரும்பும்போதெல்லாம் மான் வேலிக்கு அப்பாலிருந்த புல்லையும் தண்ணீரையும் பார்த்தபடி நிற்கும், பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் அகதிமுகாம் வாசலில் பெயர் பதியப் போய்விட்டு வரும்போது நவமணியின் முகம் எப்படியிருந்ததோ அப்படியே இருந்தது அதன் முகம்.

வேட்டைக் காலம் முடிகிற கிழமை, கிரவல் கல் போட்ட தெருவொன்றின் கடைசியில், திரைச்சீலை கழற்றப்பட்ட ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எலினோர் என்கிற வயதான விதவை கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் கூடம் முழுக்கக் கட்டிய பெட்டிகள். தணிகாசலம் ஒரு படி கீழே நின்று தொப்பியைக் கழற்றத் தொடங்குமுன்னமே அந்த அம்மா வானையும் மானையும் துவக்கையும் பார்த்துவிட்டு, சரி, எங்கே வேண்டுமோ அங்கே சுட்டுக்கொள்ளுங்கள், வேலிப் படலையை மட்டும் சாத்திவிட்டுப் போங்கள் என்றார். கேட்காமலே ஓம் என்று ஒருவர் சொன்னது அவர் சீவியத்தில் அதுதான் முதல் தடவை. கேட்கவென்று எடுத்த குரலை என்ன செய்வதென்று தெரியாமல், கழற்றாத தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சனிக்கிழமை பங்குக்காரர் எல்லோரும் கார்களில் வந்தார்கள். வாளி, கத்தி, பிளாஸ்ரிக் பை, தறப்பாள், உறைப்புத் தூள், குளிருக்குப் பிளாஸ்கில் தேத்தண்ணி. நவமணி மானோடு வானில் வந்தாள், இரண்டு மணித்தியாலத் தூரம், என்ன நடக்குமோ ஆருக்குத் தெரியும் என்று தகரப் பெட்டியையும் ஏற்றியிருந்தாள். பின்கதவைத் திறந்ததும் மான் இறங்கிற்று. பனி படிந்த புல்லை மணந்து பார்த்தது. முதலில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பார்த்தது, பிறகு காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்று பார்த்தது, பிறகு தலை சாய்க்க எந்த இடம் தோதென்று பார்த்தது. புதிய இடத்துக்குப் போனதும் நவமணி செய்வதை அப்படியே செய்தது. கடைசியில் ஒரு மேப்பிள் மரத்தடியில் போய், ஊசி போட வந்தவருக்குத் தோளைக் கொடுக்கிற மாதிரி, பக்கவாட்டில் திரும்பி நின்றது.

தணிகாசலம் துவக்கைத் தூக்கினார், இறக்கினார். விலாவுக்கு உரிமைகொண்டாடிய பரமேஸ்வரி அக்காதான் முதலில் சீலைத் தலைப்பால் முகத்தைப் பொத்தினார்.

"பாவமடாப்பா," என்றார் சின்னராசா மாஸ்டர். "விட்டிடுவமே தணி?"

"விட்ட இடத்திலயெல்லாம் இருந்து திரும்பி வந்திட்டாள் மாஸ்டர்," என்றார் தணிகாசலம். "திரத்துப்படாத ஒரு இடத்திலதான் விழ வேணும் எண்டு நிக்கிறாள். இது ஒண்டுதான் கேக்காமல் கிடைச்ச இடம்."

தகப்பன் சொல்லித் தந்தபடி மூச்சை அடக்கி, தோளுக்குப் பின்னால், ஒரே வெடி. மான் ஓடவில்லை. முழங்கால் மடித்துப் படுத்தது, அவ்வளவுதான். அவர் போய் அதன் காதுக்குப் பக்கத்தில் இருந்து, கண் மங்கி முடியுமட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார், பிறகு சட்டப்படி அனுமதி அட்டையை அதன் காதில் கட்டினார்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. வேட்டையில் விழுந்த மிருகத்தைப் பங்கு பிரிக்குமுன், அது விழுந்த காணிக்கு உரியவருக்கு முதற்பங்கு எடுத்துவைக்க வேண்டும். காணிப் பங்கு என்று பெயர். அதைக் காணிக்காரர் கையால் வாங்கினால்தான் மற்றவர்கள் தங்கள் பங்கைத் தொடலாம். மாஸ்டர் அளவான ஒரு நல்ல துண்டைச் சோள இலையில் வைத்துக்கொடுக்க, தணிகாசலம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் எலினோர் அம்மாவிடம் நீட்டினார். அம்மா வாங்கவில்லை. காணியை ஒரு கொம்பனிக்கு விற்றாயிற்று, பனி விழுமுன் நான் போய்விடுவேன், போகிற இடம் ஒற்றை அறை, சட்டி பானையெல்லாம் பெட்டிக்குள் கட்டியாயிற்று, இதை வாங்கி எதில் சமைப்பேன், இந்தக் காணிக்கு இனி நான் யார் என்று சொல்லிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

இறைச்சி சோள இலையில் ஆறிக்கொண்டிருந்தது. அப்படியானால் கொம்பனிக்காரருக்குத்தானே இந்தப் பங்கு என்று மாஸ்டர் இழுத்தார். கொம்பனிக்கு வாய் எங்கே இருக்கிறது என்று ஆறாம் மாடிக்காரர் கேட்டார். வாளிகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு குளிரில் நின்றார்கள். வாங்குவதற்கு ஆளில்லாத காணிப் பங்கை அவர்கள் கண்டதில்லை. தணிகாசலம் ஏந்திய கையோடு நின்றார், இவ்வளவு காலம் இடம் கேட்டுக் கேட்டு நீட்டிய கை, இப்போது கொடுக்க நீட்டியும் வாங்க ஒருவரில்லையே என்று அவருக்குப் பெரிய அலுப்பாக வந்தது.

நவமணி எலினோர் அம்மாவின் தோளுக்கு மேலால் கூடத்தைப் பார்த்தாள். கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவற்றில் ஒன்றிரண்டு அவளே தொழிற்சாலையில் மடித்தவையாகவும் இருக்கலாம். பிறகு விறுவிறென்று வானுக்குப் போய்த் தகரப் பெட்டியை இழுத்து இறக்கினாள்.

"நவமணி, என்ன செய்யிறாய்?" என்றார் தணிகாசலம், பயந்துபோய். "அதைத் திறந்தால்..."

"திறந்தாலும் எழுப்புவாங்கள், திறக்காட்டியும் எழுப்புவாங்கள்," என்றாள் அவள். "இந்த மனுசியைப் பாருங்கோ. எல்லாத்தையும் கட்டிப்போட்டு வாசலில இருக்குது, கோப்பைகூட இல்லை. என்ர பெட்டியில கோப்பை இருக்கு. பங்கை இஞ்ச தாங்கோ."

"எந்தக் காணிக்கெண்டு தாறது?"

"நான் நிக்கிற காணிக்கு."

கயிறு இறுகிப்போயிருந்தது, மாஸ்டரின் கத்தியால் அறுத்தாள். தாச்சி துருவேறிக் கிடந்தது, புல்லும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். மூன்று கல்லை அவளே பொறுக்கி வைத்தாள். டப்பாவிலிருந்த மிளகாய்த்தூள் காலம் போய்க் கறுத்திருந்தது, பரமேஸ்வரி அக்கா தன்னுடையதைக் கொடுத்தார். கறி கொதித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் தணிகாசலத்தின் காது தெருவிலேயே இருந்தது, யாராவது வந்து எழும்பச் சொல்வார்களென்று. ஒரு லொறி மட்டும் போயிற்று. கறி கொதித்து, வற்றி, இறங்கியது. அவள் இரண்டு கோப்பையில் போட்டு ஒன்றை எலினோர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, படியில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த அம்மா ஒரு வாய் வைத்ததும் கண்ணால் தண்ணீர் கொட்டத் தொடங்கியது, உறைப்புத்தான் என்று கையால் காட்டினார், நவமணியும் உறைப்புத்தான் என்று தலையாட்டிக்கொண்டு தானும் அழுதாள். ஒருவருக்கும் கொடுக்காமல் இருவருமாகத் தாச்சியை வழித்து முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் பங்கு பிரித்தார்கள். நவமணி இரண்டு கோப்பையில் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். வரும்போது தணிகாசலம் படலையைச் சாத்தினார்.

மறுநாள் காலையில் கதவு தட்டப்பட்டது. நவமணி அடுப்படியில் நின்றபடி உறைந்துபோனாள், பெட்டி கட்டிலுக்கு மேல் திறந்து கிடந்தது, தாச்சி அடுப்பில் இருந்தது, மிச்ச இறைச்சி கொதிக்கத் தொடங்கியிருந்தது. தணிகாசலம் தலையைத் தடவிக்கொண்டு போய்த் திறந்தார். மொறிஸ் நின்றார். நடைபாதையில் மான் படுத்திருந்த இடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையில் கொண்டுவந்த சிறிய பாத்திரத்தை நீட்டி, தானும் கரட் கொடுத்தவன் என்பதை நினைவுபடுத்தினார். நவமணிக்கு மூச்சு வந்தது. பாத்திரம் நிறையப் போட்டுக்கொடுத்தாள். அவர் வாசலில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கினார்.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள் தணிகாசலத்திடம், தாச்சியின் கைப்பிடியைத் துடைத்தபடி. "இதைத் தொங்கவிடுறதுக்குச் சுவரில ஒரு ஆணி வேணும்."

சுவரில் ஆணி அடிப்பதென்றால் மொறிஸிடம் அனுமதி வாங்க வேண்டும். மொறிஸ் எதிரிலேயே நின்றார். தணிகாசலத்தின் தோள் தன்பாட்டில் குனிந்தது, குரல் தன்பாட்டில் இறங்கியது, கை இல்லாத தொப்பியைத் தேடித் தலைக்குப் போயிற்று.

"கேக்காதேங்கோ," என்றாள் நவமணி. "அடியுங்கோ."

மொறிஸ் விரலைச் சூப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பாத்திரத்துக்குள் பார்த்துக்கொண்டார். தணிகாசலம் சுத்தியலை எடுத்துவந்து ஆணியை அடித்தார். முதல் அடி பிசகிற்று, அடுத்தது சரியாக விழுந்தது.